மழை விடுமுறையில் யாரைப் பேச விடுவது: சிங்கமா, கரடியா, பன்றிக்குட்டியா?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கோத்தகிரிப் பக்கம் பள்ளிக்கு விடுமுறைதான். பாட்டியில் தொடங்கி ஒன்றாம் வகுப்புப் பொடிசு வரை எல்லாரும் ஒரே டிவி முன்னால் உட்கார்ந்தாக வேண்டும். அப்படிப்பட்ட நாளில் மிருகங்கள் பேசும் சிரிப்புப் படத்துக்கு யாரும் மறுப்புச் சொல்வதில்லை. எந்தப் படம் என்பதில்தான் சண்டை. எங்கள் வீட்டில் கடைசி வரை மோதுபவை 2019-இல் வந்த 'தி லயன் கிங்' தமிழில், 2014-இன் 'பேடிங்டன்', 1995-இன் 'பேப்'.

லயன் கிங்குக்குப் பாட்டியின் ஓட்டு உறுதி. காரணம் குரல்கள்தான். பன்றி பும்பாவுக்கு ரோபோ சங்கர், கீரி இனத்து டிமோனுக்குச் சிங்கம்புலி, பறவை ஜாஸுவுக்கு மனோபாலா. உருளைக்கிழங்குத் தோட்டத்தை ராத்திரியோடு ராத்திரியாகக் கிளறிப்போடும் காட்டுப்பன்றிமேல் இந்த ஊரில் யாருக்கும் பாசம் கிடையாது. அதன் தூரத்துச் சொந்தமான பும்பா வாயைத் திறந்தால் மட்டும் எல்லாரும் சிரிக்கிறார்கள். வில்லன் சிங்கம் ஸ்காருக்கு அரவிந்த் சாமி பேசியிருப்பதும் நல்ல பொருத்தம்.

குறை எங்கே என்றால், முகத்தில். நிஜ மிருகம் போலவே இருக்க வேண்டும் என்று கணினியில் ஒவ்வொரு மயிராக உருவாக்கியவர்கள், முக பாவத்தைக் கோட்டை விட்டுவிட்டார்கள். அப்பா செத்தாலும் கதாநாயகச் சிங்கம் சிம்பாவுக்கு அதே முகம், பாட்டுப் பாடினாலும் அதே முகம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் இந்தப் படத்தின் நகைச்சுவை குறையாது. எனக்கு அதுதான் உறுத்தல்.

பேடிங்டன் கதை வேறு. பெரு நாட்டுக் காட்டிலிருந்து லண்டனுக்கு வரும் கரடிக்குட்டி, ஒரு குடும்பத்தோடு ஒட்டிக்கொள்கிறது. கரடி பேசுகிறதே என்று லண்டனில் ஒருவரும் வாயைப் பிளப்பதில்லை. வீட்டுக்குள் விட்டால் என்னவெல்லாம் உடையும் என்பதுதான் அந்த வீட்டு அப்பாவின் கவலை. படத்தின் சாமர்த்தியமே அங்கேதான் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபடும். கோயில் கதவை உடைத்து விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகும் கரடிகளின் ஊரில், ஆரஞ்சுப் பழ மார்மலேடுக்காக அலையும் கரடி ஒன்றும் அதிசயமில்லை!

குளியலறைக் காட்சிக்கு மொழியே வேண்டாம். பல் துலக்கும் பிரஷ்ஷால் காதைக் குடைந்து, தண்ணீரைத் திறந்துவிட்டு, கடைசியில் குளியல் தொட்டியோடு மாடிப்படியில் சறுக்கி வரும்போது பாட்டியும் சிரித்துவிடுவார். கரடி வேடிக்கை காட்டுவதற்காக எதையும் செய்யவில்லை. ஒழுங்காக நடந்துகொள்ளத்தான் பாடுபடுகிறது. நமக்குச் சிரிப்பு வருவது அதனால்தான். குரலிலும் கணக்காக இருந்திருக்கிறார்கள். முதலில் பேசவிருந்தவர் காலின் ஃபர்த். அவர் குரல் இந்தக் குட்டிக்கு முதிர்ச்சியாகத் தெரிந்ததால் அவர் விலகிக்கொள்ள, பென் விஷா வந்தார். அந்தத் தயக்கமான, மரியாதையான பேச்சு இல்லாமல் இந்தக் கரடியை நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஒரு எச்சரிக்கை: வில்லி நிக்கோல் கிட்மேன், கரடியைப் பிடித்துப் பஞ்சடைத்து அருங்காட்சியகத்தில் வைக்கத் துடிப்பவர். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பயந்து மடியில் ஏறிவிடுவார்கள்.

என் ஓட்டு பேப் பக்கம். ஆடு மேய்க்கக் கற்றுக்கொள்ளும் பன்றிக்குட்டி. நாய்கள் ஆடுகளை மிரட்டி ஓட்டுகின்றன. இது "கொஞ்சம் நகர்ந்துக்கிறீங்களா" என்கிற தொனியில் கேட்கிறது, ஆடுகளும் நகர்கின்றன. கறக்கும்போது மாட்டோடு குடும்பக் கதை பேசுகிறவர்கள் உள்ள மலை இது, அந்த மரியாதை இங்கே எடுபடும். நிஜக் குட்டிகள், இயந்திரப் பொம்மைகள், கணினியில் அசைத்த வாய் மூன்றையும் கலந்து எடுத்தார்கள். குட்டிகள் மளமளவென்று வளர்ந்துவிடும் என்பதால் அந்த ஒரு வேடத்துக்கு 48 குட்டிகள்! காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் கிடைத்தது நியாயம்தான். இத்தனை ஆண்டு கழித்தும் அந்தக் குட்டியின் கண்ணில் உயிர் இருக்கிறது. இருபத்துச் சொச்சம் ஆண்டு கழித்து வந்த சிங்கத்திடம் அது இல்லை. ஆனால் படம் மெதுவாகப் போகும். ரீல்ஸ் பார்த்துப் பழகிய பிள்ளைகள் முதல் பாதியில் நெளிவார்கள்.

நம்ம ஊர்ப் படமே இருக்கிறதே என்று 'ஓ மை டாக்' (2022) பெயரைச் சிலர் எடுப்பார்கள். ஊட்டியில் நடக்கும் கதை, நாய்க்குட்டியும் அழகு. ஆனால் அது பேசாது, படமும் சிரிப்பைவிடக் கண்ணீரைத்தான் நம்புகிறது. இந்தப் போட்டியில் அதைச் சேர்ப்பது சரியில்லை.

அப்புறம் கரண்ட். மழை நாளில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் இன்வெர்ட்டரை நம்பித்தான் படம் ஓட வேண்டும். கரடியும் பன்றிக்குட்டியும் ஒன்றரை மணி நேரத்தில் கதையை முடித்துவிடுவார்கள்; சிங்கத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் வேண்டும். பழைய பேட்டரி என்றால், பாட்டி என்ன சொன்னாலும் சரி, சிங்கத்தைத் தொடாதீர்கள்.