புது அவுட்போர்டு என்ஜின் பழுதானால் நீங்கள் இல்லாமல் பிரிக்க விடாதீர்கள்

தூத்துக்குடிக் கரையில் நாட்டுப் படகு வைத்திருப்பவர்கள், குறிப்பாகப் படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் புது என்ஜின் வாங்கப்போகிறவர்கள், இதைப் படித்துவிடுங்கள். வாரண்டி கேட்டுப் போன என் அண்ணன்மீதே பழியைத் திருப்பிவிட்டார் விற்பனையாளர்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப் படகுக்காரர்கள் நாலு காசு பார்ப்பது அப்போதுதான். அதை நம்பி அண்ணியின் நகையை அடகு வைத்து, நவம்பரில் 9.9 குதிரைத்திறன் என்ஜின் வாங்கினார் அண்ணன். மே மாதம், நல்ல மீன்பாடு இருந்த நேரத்தில், கியர் போட்டால் அடியில் கரகரவென்று சத்தம். கரைக்கு வந்து கியர் ஆயில் வடிக்கும் கீழ்த்திருகைக் கழற்றினோம். முதலில் உப்புத் தண்ணீர் ஒழுகியது. பின்னால் வந்த கியர் ஆயில் பால் ஊற்றிய தேநீர் நிறத்தில் இருந்தது. விசிறித் தண்டில் தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல் என்ற ரப்பர் வளையம் வழியாகக் கடல்நீர் உள்ளே போயிருக்கிறது.

தூண்டில் நரம்போ வலை இழையோ தண்டில் சுற்றிக்கொண்டாலும் சீல் அறுபடும். கடைக்காரர் அதைத்தான் சொல்வார் என்று அண்ணனுக்குத் தெரியும். அதனால் முன்பே விசிறியைக் கழற்றிப் பார்த்தார். ஒரு இழைகூட இல்லை. கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டோம்.

“வைத்துவிட்டுப் போங்கள் தம்பி, மெக்கானிக் வந்ததும் கூப்பிடுகிறேன்” என்றார் கடைக்காரர். “பிரிக்கும்போது நான் கூட இருக்க வேண்டும் அண்ணாச்சி” என்று அண்ணன் சொன்னதற்குத் தலையாட்டினார். கூப்பிடவே இல்லை. நாங்களாகப் போனபோது என்ஜின் அக்குவேறு ஆணிவேறாகக் கிடந்தது. மேசைமேல் ஒரு துண்டு நரம்பு. அதுதான் சீலை அறுத்ததாம், வாரண்டியில் வராதாம். பச்சை நிறத்தில் தடித்த நரம்பு அது. எங்கள் படகில் இருப்பதோ வெள்ளைத் தங்கூசி வலை. படத்தைக் காட்டினால் பார்க்க மறுத்தார். மறுப்புக்கான காரணத்தை எழுதிக் கேட்டோம், அதற்கும் மறுத்தார்.

விடாமல் கேட்டதும் வேறு காரணம் வந்தது. தொழிலுக்கு ஓட்டும் என்ஜினுக்கு ஆறு மாதம்தான் வாரண்டியாம். விற்கும்போது “இரண்டு வருடம் கவலையே வேண்டாம்” என்றவரும் இவரேதான். மீன்பிடிக்கத்தான் வாங்குகிறோம் என்று தெரிந்தே சொன்ன வார்த்தை! பொடி எழுத்தில் அட்டையில் இருப்பதைப் பணம் கட்டும் முன் ஏன் காட்டவில்லை?

தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் வழக்குப் போட முடியாது என்றும் மிரட்டினார். அது பொய். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிய பொருள் வணிக நோக்கில் சேராது என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் இல்லை. பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். வழி கேட்க 1915 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது.

கடைசியில், பாதிச் செலவை நீங்கள் ஏற்றால் பழுது பார்த்துத் தருகிறேன் என்று இறங்கி வந்தார். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய சீலும் பல் உடைந்த கியரும் குப்பைக்குப் போனால் பிறகு எதைக் காட்டி வழக்காடுவது? தேவைப்பட்டால் ஆணையமே பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கும். எல்லாப் பாகங்களையும் வீடியோ எடுத்து, எண்ணி, சாக்கில் கட்டி வாங்கி வந்துவிட்டோம். பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, புகாரும் கொடுத்தாயிற்று.

அண்ணன் இப்போது சித்தப்பா படகில் பங்குக்குப் போகிறார். நகைக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. வாங்கிய சில மாதங்களிலேயே இதே போல் சீல் போய், இதே பதிலைக் கேட்டவர்கள் இருந்தால், பில்லையும் பழைய பாகங்களையும் பத்திரமாக வைத்துக்கொண்டு எங்களுக்குத் தெரிவியுங்கள்.