கேரம் போர்டுல முக்கோணமா, எக்ஸ்-வையா?

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் எங்க தோட்டத்து ஒட்டுக்கடையில சாயங்காலம் ஆனா கேரம்தான், அக்கா மவன் ஃபார்ம் சிக்ஸ் (பல்கலைக்கழகத்துக்கு முந்துன வகுப்பு), அங்கயே பிசிக்ஸ் நோட்டோட வந்து உக்காந்துட்டான். "மாமா, மோதுனாலும் மொத்த மொமெண்டம், அதான் எடைய வேகத்தால பெருக்குனது, மாறாதுன்னு தெரியும், ரெண்டு காயும் சாய்ஞ்சு போனா எப்டி போடறது?"

கணக்கு இதான்: செகண்டுக்கு 4 மீட்டர் வேகத்துல வர்ற காய், அதே எடையில சும்மா நிக்கிற காய மோதுது. ஒண்ணு மேல 30 டிகிரி, இன்னொண்ணு கீழ 60 டிகிரி. வேகம் என்ன?

அவன் எக்ஸ், வைன்னு பிரிச்சு சைன் காஸ் போட்டு ரெண்டு சமன்பாடு எழுதுனான், கீழ போற காய்க்கு மைனஸ் போட மறந்துட்டான், ஒரு வேகம் மைனஸ்ல வந்து நிக்குது. நான் பழைய ஆளு, தே தாரேக் டீ கிளாஸ ஓரமா தள்ளிட்டு போர்டு மேல இருந்த பவுடர்ல விரலாலயே அம்புக்குறி இழுத்தேன்: மோதுறதுக்கு முந்தி இருந்த மொமெண்டம் ஒரு நீளக்கோடு, பிந்தி உள்ள ரெண்டு அம்பையும் வாலும் தலையுமா சேர்த்தா அதே கோட்டோட முனையில வந்து முடியணும், ஒரு முக்கோணம். ரெண்டு மூலை 30, 60, மிச்ச மூலை 90. 4 காஸ் 30 = 3.46, 4 காஸ் 60 = 2. முடிஞ்சது. எனர்ஜி பாருங்க, எடை ஒண்ணுதான், வேகத்தோட வர்க்கம் மட்டும் போதும்: 12 கூட்டல் 4, முந்தி இருந்த 16 சரியா வருது.

திசை ரெண்டும் குடுத்துட்டா முக்கோணம்தான் சீக்கிரம் முடியும், என் ஓட்டு அதுக்கே. கப்சாய் பைக்கும் வேனும் முச்சந்தியில செங்குத்தா மோதி ஒட்டிக்கிட்டு போற கணக்குக்கு ரெண்டும் ஒண்ணுதான்லா. ஆனா ஸ்டிரைக்கர் வந்து ரெண்டு மூணு காய ஒரே நேரத்துல சிதறடிச்சா முக்கோணம் நாலு மூலை அஞ்சு மூலையாயி கைவிட்டுரும், அங்க எக்ஸ்-வைதான் ராஜா, எத்தனை காயா இருந்தாலும் கூட்டிக்கிட்டே போவலாம்.

மூணாவதா பசங்க ஒரு குறுக்குவழி வச்சிருக்கானுங்க, "மோதுனா 90 டிகிரியில பிரியும்"னு. அது செல்லணும்னா ரெண்டும் ஒரே எடையா இருக்கணும், ஒண்ணு சும்மா நிக்கணும், எனர்ஜியும் வீணாகக்கூடாது, நேருக்கு நேர் இடியும் கூடாது. ஸ்டிரைக்கர் 15 கிராம், காய் 5 கிராம்னு வச்சா ஸ்டிரைக்கர் தன் பாதையில இருந்து 19.5 டிகிரிக்கு மேல திரும்பவே முடியாது, எவ்ளோ ஓரமா அடிச்சாலும்.

அவன் நம்பல. ஸ்டிரைக்கர எடுத்து சுண்டிப் பாக்க ஆரம்பிச்சிட்டான், நோட்டு அப்டியே கிடக்கு.