50 சதவீத ஸ்காலர்ஷிப் கடிதத்தை நம்பிக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கலாமா?

2024 மே மாதம் என் அக்கா மகளுக்கு ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. நுழைவுத் தேர்வில் நல்ல ரேங்க், அதனால் கல்விக் கட்டணத்தில் 50 சதவீதம் மெரிட் ஸ்காலர்ஷிப், அவள் ஆசைப்பட்ட கம்ப்யூட்டர் சயின்ஸ். இரண்டு வாரத்துக்குள் முன்பணம் கட்டவேண்டும். அக்கா அந்தக் கடிதத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் எனக்குப் போன் செய்தாள்.

திண்டுக்கல்லில் அக்கா வீட்டுக்காரருக்குத் தையல் கடை. ஆண்டு வருமானம் மூன்று லட்சத்தைத் தாண்டாது. பெண் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். கட்-ஆஃப் 200க்கு 184. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு கிடைத்திருக்கும், கல்விக் கட்டணம், விடுதி எல்லாவற்றையும் அரசே ஏற்றிருக்கும், இந்த அலசலே தேவைப்பட்டிருக்காது. உதவிபெறும் பள்ளி என்பதால் அந்த வழி இல்லை. அதனால் கையில் இருந்தவை இரண்டு: அந்தக் கடிதம், அல்லது ஜூலைக் கடைசியில் தொடங்கவிருந்த தமிழக அரசின் பொறியியல் கவுன்சிலிங்.

முதலில் கடிதம். மொத்தக் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 3,20,000 ரூபாய், பாதி போக 1,60,000. நான்கு ஆண்டுக்கு 6.4 லட்சம். அக்கா மனதில் பதிந்திருந்த எண் இதுதான். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இன்னொன்று இருந்தது: ஒவ்வோர் ஆண்டும் சிஜிபிஏ (10க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) 8.5க்குக் குறையக் கூடாது, ஒரு அரியர்கூட (தேறாத பாடம்) இருக்கக் கூடாது. தவறினால் அடுத்த ஆண்டிலிருந்து முழுக் கட்டணம். முதல் ஆண்டோடு நின்றுபோனால் மொத்தம் 11.2 லட்சம் ஆகிறது. இரண்டாம் ஆண்டோடு நின்றால் 9.6 லட்சம். ஆக, இந்தக் கல்லூரிக்கு ஒரு விலை இல்லை, 6.4இலிருந்து 11.2 வரை எங்கே வேண்டுமானாலும் போய் நிற்கலாம். எங்கே நிற்கும் என்பது பதினெட்டு வயதுப் பெண் முதல் இரண்டு செமஸ்டரை எப்படி எழுதுகிறாள் என்பதில் இருக்கிறது.

"நல்லாப் படிக்கிற பிள்ளைதானே, 8.5 வாங்க மாட்டாளா?" என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் பள்ளி மதிப்பெண்ணை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. பல நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் மதிப்பீடு ஒப்பீட்டு முறையில் நடக்கிறது. 80 மதிப்பெண் எடுத்தால் இந்த கிரேடு என்று நிரந்தரமாக எதுவும் கிடையாது. வகுப்பின் சராசரி எங்கே இருக்கிறது, நாம் அதற்கு எவ்வளவு மேலே இருக்கிறோம் என்று பார்த்துத்தான் கிரேடு போடுவார்கள். அந்த வகுப்பில் அவளோடு உட்காரப் போகிறவர்களில் பலர் அதே ஸ்காலர்ஷிப் வாங்கி வந்தவர்கள், ஜேஇஇ என்ற அகில இந்தியப் பொறியியல் நுழைவுத் தேர்வுக்கு இரண்டு வருடம் கோச்சிங் போனவர்கள். அவர்கள் எல்லோரும் சராசரியைவிட வெகுவாக மேலே இருந்துவிட முடியாது, கணக்கே அப்படி. போதாததற்கு, தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு முதல் செமஸ்டர்தான் மிகவும் கஷ்டமானது. பாடம் புரியும், ஆங்கிலத்தில் அதை எழுதத்தான் நேரம் போதாது. மூன்றாவது செமஸ்டரில் எல்லாம் சரியாகிவிடும் என்பது நானே அனுபவித்தது. ஆனால் ஸ்காலர்ஷிப் மூன்றாவது செமஸ்டர் வரை காத்திருக்காது.

சேர்க்கை அலுவலகத்துக்குப் போன் செய்து சில விஷயங்கள் கேட்டேன். ஒருமுறை போன ஸ்காலர்ஷிப், மதிப்பெண் ஏறினால் திரும்ப வருமா? வராது. கட்டணம் ஆண்டுதோறும் உயருமா? உயரலாம். முதலாமாண்டில் இதை வாங்கியவர்களில் எத்தனை பேர் நான்காம் ஆண்டிலும் வாங்குகிறார்கள்? "நிறையப் பேர் வாங்குறாங்க சார்." எண் கேட்டேன், கிடைக்கவில்லை. நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்கமுடியும் என்றால் இந்தக் கடைசிக் கேள்வியைக் கேளுங்கள்.

எல்லாச் சலுகையும் இப்படி ஆட்டம் காண்பதில்லை, அதையும் சொல்லவேண்டும். வேலூர் விஐடி பல்கலைக்கழகத்தில் நுழைவுத் தேர்வு ரேங்க்கைப் பொறுத்து ஐந்து கட்டணப் பிரிவுகள் உண்டு. குறைந்த கட்டணப் பிரிவில் இடம் கிடைத்தால் அதுவும் ஒருவகை மெரிட் சலுகைதான். என்ன கட்டப் போகிறோம் என்பது சேரும்போதே தெரிந்துவிடுகிறது. திருச்சி என்ஐடி போன்ற மத்திய அரசுக் கல்வி நிறுவனங்களில் ஆண்டுக்குக் கல்விக் கட்டணம் 1,25,000. குடும்ப வருமானம் ஒரு லட்சத்துக்குள் என்றால் முழு விலக்கு, ஒன்று முதல் ஐந்து லட்சத்துக்குள் என்றால் மூன்றில் இரண்டு பங்கு விலக்கு. அங்கே சலுகையை வருமானச் சான்றிதழ் தீர்மானிக்கிறது, செமஸ்டர் மதிப்பெண் அல்ல. எங்கள் பெண்ணின் ஜேஇஇ ரேங்க் அதற்கு எட்டவில்லை.

இனி கவுன்சிலிங் வழி. தனியார் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு 2017இல் கட்டண நிர்ணயக் குழு வகுத்த அளவு ஆண்டுக்கு 50,000, தரச்சான்று பெற்ற படிப்பென்றால் 55,000. நாங்கள் கூட்டியே 60,000 என்று போட்டோம், நான்கு ஆண்டுக்கு 2.4 லட்சம். இதிலும் முதல் பட்டதாரிச் சலுகை உண்டு, கல்விக் கட்டணத்தில் கணிசமான பங்கை அரசு ஏற்றுக்கொள்ளும். நான் பட்டம் வாங்கியவன் என்பதால் கிடைக்காமல் போய்விடுமோ என்று அக்கா பயந்தாள். தாத்தா பாட்டி, அப்பா அம்மா, உடன்பிறந்தவர்கள், இவர்களில் யாரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது என்பதுதான் விதி, தாய்மாமன் அதில் வரமாட்டான். ஒன்று முக்கியம்: மேனேஜ்மென்ட் கோட்டாவில் போய்ச் சேர்ந்தால் இந்தச் சலுகை கிடையாது.

கவுன்சிலிங் வழியின் குறை பணத்தில் இல்லை, படிப்பில். 184க்குக் கோவையில் நல்ல தன்னாட்சிக் கல்லூரியில் இசிஇ (எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) எதிர்பார்க்கலாம், கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டுமென்றால் கொஞ்சம் இறங்கி வரவேண்டும். அவளுக்கு அதில் உண்மையான வருத்தம் இருந்தது. "மாமா, ஆசைப்பட்டது கையில இருக்கு, அதை விடச் சொல்றீங்களே" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் எளிதான பதில் இல்லை. இசிஇ படித்தாலும் மென்பொருள் வேலைக்குப் போகலாம் என்பது உண்மைதான், ஆனால் விருப்பப் பாடத்தை நான்கு வருடம் படிப்பதன் மதிப்பு வேறு. முழுக் கட்டணத்தையும் சிரமமில்லாமல் கட்டக்கூடிய வீடாக இருந்திருந்தால் அந்தக் கடிதத்தை ஏற்கச் சொல்லியிருப்பேன். அங்கே ஸ்காலர்ஷிப் போனால் வருத்தம் மட்டும்தான், படிப்பு நிற்காது.

இவர்கள் வீட்டில் கடன் வாங்காமல் முடியாது. கல்விக் கடனில் 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் வாங்க வழியிருக்கிறது. 6.4 லட்சம் அந்தக் கோட்டுக்குள் அடங்குவதுபோலத் தெரியும். ஹாஸ்டல் செலவைச் சேர்த்தால் அப்போதே தாண்டிவிடும், ஸ்காலர்ஷிப்பும் போனால் இரண்டாம் ஆண்டு நடுவில் வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகவேண்டி வரும். (2024 நவம்பரில் அறிவித்த பி.எம். வித்யாலட்சுமித் திட்டத்தில், பட்டியலிலுள்ள கல்வி நிறுவனங்களுக்கு அடமானமில்லாக் கடன் உண்டு. இப்போது சேர்பவர்கள் தங்கள் கல்லூரி அதில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.) எனக்கு இந்த இடத்தில்தான் முடிவு தெளிவானது. ஸ்காலர்ஷிப் இல்லாமலே கட்டமுடிகிற கல்லூரியா என்று பாருங்கள், அப்புறம் ஸ்காலர்ஷிப்பைப் பாருங்கள்.

சேர்ந்த பிறகு விண்ணப்பித்து வாங்கும் உதவித்தொகைகளையும் செலவுக் கணக்கிலிருந்து முன்கூட்டியே கழித்துவிடாதீர்கள். மாணவிகளுக்கு, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇயின் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 தருகிறது, வருமான வரம்பு 8 லட்சம். பிளஸ் டூவில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்தவர்களுக்கு மத்திய அரசின் உதவித்தொகை முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000, அதற்கு வரம்பு 4.5 லட்சம். இரண்டுமே நல்லவை, கட்டாயம் விண்ணப்பியுங்கள். ஆனால் தேர்வானோமா என்பது கல்லூரியில் சேர்ந்து பல மாதம் கழித்துத்தான் தெரியும். சிலவற்றை வேறு அரசு உதவியோடு சேர்த்து வாங்கவும் முடியாது.

கடிதத்தை நாங்கள் உடனே கைவிடவில்லை. கவுன்சிலிங்கில் என்ன கிடைக்கும் என்று தெரியும்வரை முன்பணத்தைக் கட்டி இடத்தைப் பிடித்து வைத்தோம். 2024-25க்கு பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, செப்டம்பர் 30க்குள் விலகினால் முழுக் கட்டணத்தையும் திருப்பித் தரவேண்டும் என்று சொல்லியிருந்தது. உங்கள் ஆண்டுக்கான தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளவும் அவர்களுக்கு உரிமையில்லை, நாங்கள் நகல் மட்டுமே கொடுத்தோம். கோவையில் இசிஇ உறுதியானதும் ரத்துக் கடிதம் அனுப்பினோம். பணம் வர ஆறு வாரம் ஆனது, பிடித்தம் எதுவும் இல்லை. ஹாஸ்டல் கட்டணத்தில் ஒரு பகுதிக்கு அது உதவியது.

முதல் செமஸ்டரில் அவளுக்கு 7.6 வந்தது. அழுதுகொண்டே போன் செய்தாள். அரியர் இல்லையே, கட்டணமும் மாறாதே என்று சொல்லித் தேற்றினேன். அந்த 2024 டிசம்பர் கடைசியில்தான் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் புதுமைப் பெண் திட்டம் விரிவானது. இப்போது மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வருகிறது. நாங்கள் போட்ட கணக்கில் அது எந்த வரியிலும் இல்லை.