கேம் ரசிகர் வீடியோ செய்பவர்கள் கவனத்துக்கு: மூலக் கோப்பைக் கேட்டு வரும் மின்னஞ்சலை நம்பாதீர்கள்

"உங்கள் வீடியோ எங்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, எங்கள் சேனலில் போட ஆசைப்படுகிறோம், ஒரிஜினல் கோப்பை அனுப்ப முடியுமா?" என்று ஒரு மின்னஞ்சல் வந்தால், பதில் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கேம்களை வைத்து ரசிகர்கள் செய்யும் குறும்படங்களையும் அனிமேஷன்களையும் குறிவைத்தே இப்படி எழுதுகிறார்கள். எங்கள் வீடியோவை வாங்கிக்கொண்டு, அதிலிருந்த இசையை உருவித் தங்கள் பெயரில் பதிவு செய்து, கடைசியில் எங்கள் வீடியோ மீதே உரிமை கோரினார்கள். அவர்களுடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பெயரை மாற்றிக்கொண்டு வருவது அவர்களுக்குப் பெரிய வேலையே இல்லை. செய்யும் முறைதான் மாறாது, அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நாங்கள் செய்தது டீம் ஃபோர்ட்ரஸ் 2 என்ற துப்பாக்கிச் சண்டை கேமின் கதாபாத்திரங்களை வைத்து ஒரு சிறு படம். அந்த கேமைத் தயாரித்த வால்வ் நிறுவனம் 2012-இல் இலவசமாக வெளியிட்ட சோர்ஸ் ஃபிலிம்மேக்கர் என்ற அனிமேஷன் மென்பொருளில் செய்தோம். அதில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், ஒரு கை அசைவு இயல்பாக வருவதற்குள் பொழுது விடிந்துவிடும். ரெண்டரை, அதாவது கணினி உருவாக்கித் தரும் இறுதிக் காட்சியை, ஒரே வீடியோவாக எடுக்காமல் ஃபிரேம் ஃபிரேமாகப் படங்களாக எடுத்துத்தான் பிறகு கோத்தோம். பின்னணி இசை முழுக்க என் நண்பர் அமைத்தது. கேமில் இருக்கும் எந்த இசையையும் தொடவில்லை. கேமிலிருந்து எடுத்த ஒலிகள் காலடிச் சத்தம், துப்பாக்கியில் தோட்டா ஏற்றும் 'க்ளிக்' மாதிரி சின்னச் சின்ன விஷயங்கள்தான். இந்தக் காலடிச் சத்தத்தை நினைவில் வையுங்கள்.

மின்னஞ்சல் மரியாதையாகத்தான் வந்தது. படத்தில் எந்த ஷாட் பிடித்தது என்றுகூட எழுதியிருந்தார்கள். ரசிகர் படைப்புகளைத் தொகுத்து வெளியிடும் சேனலாம், தரம் பார்த்துத்தான் எடுப்பார்களாம், அதனால் யூடியூப்பில் இருக்கும் பிரதி போதாதாம், எடிட்டிங்கிலிருந்து நேராக வந்த கோப்பு வேண்டுமாம். அனுப்பினோம். அதற்குப் பிறகுதான் ஒப்பந்தம் வந்தது. கொஞ்சம் முன்பணம், பதிலுக்குப் படத்தின் ஒலி, ஒளி இரண்டுக்கும் உலகம் முழுவதற்குமான, காலவரையற்ற, பிரத்யேக உரிமை அவர்களுக்கு. எங்கள் படத்தை நாங்களே போடுவதற்கும் அவர்கள் அனுமதி வேண்டும் என்றுதான் அதற்கு அர்த்தம்.

மறுத்துவிட்டோம். மறுக்க இன்னொரு காரணமும் இருந்தது. வால்வின் வீடியோ விதிகளில் தெளிவாகவே இருக்கிறது: அவர்கள் கேமை வைத்து வணிக நோக்கமில்லாமல் வீடியோ செய்யலாம், யூடியூப் போன்ற தளங்களின் பங்குதாரர் திட்டத்தில் விளம்பர வருமானம்கூடப் பெறலாம், ஆனால் அந்த வீடியோவைப் பணத்துக்கு விற்கவோ உரிமம் கொடுக்கவோ கூடாது. ஆக, அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் விதியை மீறியவர்கள் நாங்களாகியிருப்போம். இப்படிப்பட்ட ஒப்பந்தத்தை நீட்டுகிறவர்களுக்கு இந்த விதி தெரியாமல் இருக்காது. மற்ற நிறுவனங்களுக்கும் இதுபோல விதிகள் உண்டு. மைக்ரோசாஃப்ட் 2007-இலேயே வெளியிட்டது, நிண்டெண்டோ 2018 நவம்பரில் வெளியிட்டது. எந்த கேமை வைத்துச் செய்கிறீர்களோ அந்த நிறுவனத்தின் விதியை ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள்.

நாங்கள் மறுத்ததற்குப் பதிலே இல்லை. படம் மட்டும் அவர்கள் சேனலில் வந்துவிட்டது.

அதைப் பார்த்தபோது வந்த வேதனையை எப்படிச் சொல்வது? பனி பெய்யும் காட்சி ஒன்று உண்டு எங்கள் படத்தில். பனியும் புகையும் தூசியும் வீடியோ சுருக்கத்துக்குப் பரம எதிரிகள். ஒவ்வொரு ஃபிரேமிலும் எல்லாப் புள்ளிகளும் இடம் மாறிக்கொண்டே இருப்பதால், முந்தைய ஃபிரேமிலிருந்து எடுத்துக்கொள்ள என்கோடருக்கு (வீடியோவைச் சுருக்கும் நிரலுக்கு) ஒன்றுமே மிஞ்சாது. 1080பி தரத்தில், நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் வீடியோவுக்கு நொடிக்கு 12 மெகாபிட் வைத்து ஏற்றச் சொல்கிறது யூடியூப். நாங்கள் அதைவிடத் தாராளமாக வைத்துத்தான் கோப்பைக் கொடுத்தோம். அவர்கள் அதை மறுபடி நசுக்கி, 60 ஃபிரேமை 30 ஆக்கி, ஓரத்தில் தங்கள் முத்திரையைப் பதித்து ஏற்றியிருந்தார்கள். பனி கட்டம் கட்டமாகத் திட்டுகளாகிவிட்டது. கேமரா மெதுவாகத் திரும்பும் ஷாட் தடுக்கித் தடுக்கி ஓடியது. கடைசியில் வரும் பெயர்ப் பட்டியலை வெட்டிவிட்டார்கள். வெட்டிய இடத்தில் ஒரே ஒரு ஃபிரேம் மட்டும் தப்பியிருந்தது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் நண்பரின் பெயர் பாதி தெரியும். கீழே ஒருவர் "ரெண்டர் படுமோசம்" என்று எழுதியிருந்தார். அத்தனை இரவுகள் உழைத்தவனுக்கு அதைப் படிக்க எப்படி இருக்கும்!

நாங்கள் ஆட்சேபித்து எழுதியதும், 'பங்குதாரர் பக்கம்' என்று ஒரு இணைப்பு வந்தது. முழுத் தரப் பிரதி அங்கே இருக்கிறதாம். திறந்தால் வீடியோ சில நொடி ஓடி நின்றுவிடும். கோடெக் (வீடியோவை விரித்து ஓட்டும் நிரல்) இல்லை, எங்கள் பிளேயரை நிறுவுங்கள் என்று ஒரு செய்தி வரும். சாதாரணமாக இணையத்தில் ஏற்றப்படும் வீடியோவை ஓட்டத் தேவையானது இன்றைய பிரௌசர்களிலேயே இருக்கிறது. தனியாக ஒரு பிளேயரை நிறுவச் சொல்லும் பக்கத்தை அந்த நிமிடமே மூடிவிடுங்கள். இறங்கிய கோப்பு கடவுச்சொல் போட்ட ஜிப். உள்ளே என்ன இருக்கிறது என்று வைரஸ் தடுப்பான் பார்த்துவிடக் கூடாது என்பதற்குத்தான் அந்தக் கடவுச்சொல். ஆனால் சாதாரண ஜிப்பில் கடவுச்சொல் இல்லாமலே கோப்புகளின் பெயர்களைப் பார்க்க முடியும். நண்பர் பார்த்தார். வீடியோ பிளேயர் என்று பெயர், முடிவில் '.எஸ்சிஆர்'. அது ஸ்கிரீன்சேவர் வகைக் கோப்பு. விண்டோஸைப் பொறுத்தவரை அதுவும் ஓர் இயங்கு நிரல்தான், இரட்டைக் கிளிக் செய்தால் ஓடத் தொடங்கிவிடும்.

இது என்ன வேலை என்பது ஏற்கெனவே வெளியே தெரிந்த விஷயம்தான். யூடியூபர்களுக்கு ஒத்துழைப்பு, விளம்பரம் என்று எழுதி நிரலை அனுப்பி, நாம் லாகின் ஆகியிருப்பதை பிரௌசரில் குறித்து வைத்திருக்கும் குக்கி என்ற சிறு தகவலைத் திருடும் கும்பல்கள் பற்றி கூகுளின் பாதுகாப்புப் பிரிவு 2021 அக்டோபரில் விரிவாக எழுதியது. லாகின் ஆன நிலையையே அவர்கள் தூக்கிக்கொண்டு போவதால் கடவுச்சொல்லும் தேவையில்லை, இரட்டைச் சரிபார்ப்பும் தடுக்காது. 2023 மார்ச்சில் லினஸ் டெக் டிப்ஸ் போன்ற பெரிய சேனலே இப்படித்தான் பறிபோய்த் திரும்பியது. விண்டோஸில் கோப்புப் பெயரின் பின்னொட்டு தெரியும்படி அமைப்பை மாற்றி வையுங்கள். இயல்பாக அது மறைந்தே இருக்கும்.

பிளேயர் வலையில் நாங்கள் சிக்கவில்லை. அதன் பிறகுதான் யூடியூப்பின் தானியங்கி உரிமைச் சோதனையான கண்டென்ட் ஐடி வழியாக ஒரு கோரிக்கை வந்தது. எங்கள் சேனலில் இருக்கும் எங்கள் படத்தின் மீது, நாங்கள் கேள்விப்படாத ஒரு 'கலைஞர்' பெயரில், கேள்விப்படாத ஒரு தலைப்பில் இருந்த பாட்டை வைத்து. விளம்பர வருமானம் அந்தப் பக்கம் போகும் என்று அறிவிப்பு. அந்தப் பாட்டைத் தேடிப் பிடித்து ஹெட்ஃபோனில் போட்டுக் கேட்டோம். நண்பரின் இசை. அதன் நடுவே, பனியில் 'சரக், சரக்' என்று காலடி. அடுத்து தோட்டா ஏற்றும் க்ளிக். வீடியோவிலிருந்து ஒலியை அப்படியே உருவி, 'பாட்டு' என்று பெயர் வைத்து விற்பனைக்கு ஏற்றியிருக்கிறார்கள். அந்தக் காலடி அவர்களுடையதும் இல்லை, எங்களுடையதும் இல்லை, வால்வுடையது!

இதற்கு எப்படி இடம் கிடைக்கிறது என்று விளக்க வேண்டும். கண்டென்ட் ஐடி 2007-இலிருந்து இருக்கிறது. உரிமையாளர் கொடுத்த மாதிரிக் கோப்போடு, ஏறும் ஒவ்வொரு வீடியோவையும் ஒப்பிட்டுப் பார்க்கும் இயந்திரம் அது. அதில் மாதிரியாகக் கொடுப்பதற்குப் பிரத்யேக உரிமை இருக்க வேண்டும், கேம்ப்ளே காட்சிகளும் தொகுப்புகளும் தகுதி பெறாது என்று யூடியூப்பின் விதியே சொல்கிறது. எல்லாருக்கும் அந்த வசதி நேரடியாகக் கிடைக்காது. ஆனால் இசை விநியோக நிறுவனங்கள் வழியாகப் போனால், ஒரு கணக்கைத் தொடங்கி, பாட்டு என்னுடையதுதான் என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் போதும் என்ற நிலை பல இடங்களில் இருக்கிறது. படமாகக் கொண்டுபோனால் மாட்டிக்கொள்வார்கள், அதனால் ஒலியாகக் கொண்டுபோகிறார்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் இரண்டு பேர் 50,000-க்கும் மேற்பட்ட பாடல்களைத் தங்களுடையவை என்று சொல்லி, இதே கண்டென்ட் ஐடி வழியாக 2 கோடி டாலருக்கு மேல் சுருட்டிய வழக்கு 2021-இல் வெளியே வந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்கும் போனார்கள்.

ரசிகர் வீடியோ என்றால் இவர்களுக்குத் தனித் துணிச்சல். 'கேம் இன்னொருவருடையது, நாம் போய் வாயைத் திறந்தால் நமக்கே வினையாகுமோ' என்று நாம் பயந்து ஒதுங்குவோம் என்பது அவர்கள் கணக்கு. தயவுசெய்து ஒதுங்காதீர்கள். கோரிக்கைக்கு ஆட்சேபம் தெரிவிப்பதால் மட்டும் உங்களுக்கு ஸ்ட்ரைக் (உரிமை மீறலுக்காகச் சேனல் மீது விழும் எச்சரிக்கைப் புள்ளி) விழாது. கோரிக்கை வந்த 5 நாட்களுக்குள் ஆட்சேபித்தால் முதல் நாளிலிருந்தே வருமானம் இரண்டு பக்கமும் போகாமல் நிறுத்தி வைக்கப்படும், அதனால் தாமதிக்காதீர்கள். கோரியவருக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம். பதிலே சொல்லாவிட்டால் கோரிக்கை தானாகவே விழுந்துவிடும். அவர்கள் மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம், அதற்குப் பதில் சொல்ல அவர்களுக்கு 7 நாள்.

அதற்கு மேல் அவர்கள் வீடியோவை நீக்கவே நோட்டீஸ் கொடுத்தால்தான் ஸ்ட்ரைக். 90 நாட்களுக்குள் மூன்று விழுந்தால் சேனல் போய்விடும். அந்தக் கட்டத்தில், நீக்கியது தவறு என்று சொல்லி வீடியோவைத் திரும்பக் கேட்கும் எதிர்-அறிவிப்பு கொடுக்கலாம். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: எதிர்-அறிவிப்பில் உண்மைப் பெயரும் முகவரியும் எழுத வேண்டும், அது அப்படியே எதிராளிக்குப் போகும். மோசடிக்காரன் கையில் உங்கள் வீட்டு முகவரி! சிறுவயதுப் பிள்ளைகள் நிறையப் பேர் இந்த அனிமேஷன்களைச் செய்கிறார்கள். அவர்கள் தனியாக உட்கார்ந்து இந்தப் படிவத்தை நிரப்பக் கூடாது, வீட்டுப் பெரியவர்களிடமோ ஒரு வழக்கறிஞரிடமோ காட்டிவிட்டுத்தான் செய்ய வேண்டும். போலி நோட்டீஸ் என்பது கற்பனை பயமும் இல்லை. 2022 மார்ச்சில் டெஸ்டினி கேமின் ரசிகர் வீடியோக்களுக்கு, அதைத் தயாரிக்கும் பங்ஜி நிறுவனத்தின் பெயரிலேயே யாரோ நீக்கல் நோட்டீஸ் அனுப்பினார்கள். பங்ஜியின் சொந்த சேனலும் அதில் அடிபட்டது. அந்த நிறுவனமே வழக்குப் போட்டது. அதில் சுட்டப்பட்ட போலி நோட்டீஸ்கள் 96.

எங்களைக் காப்பாற்றியவை நண்பர் வைத்திருந்த இசைத் திட்டக் கோப்பும், சோர்ஸ் ஃபிலிம்மேக்கரின் செஷன் கோப்புகளும் (படம் உருவாக்கிய வேலைக் கோப்புகள்), ரெண்டர் செய்த படங்களும்தான். ஒவ்வொரு கருவியும் தனித் தடமாக இருக்கும் இசை எங்களிடம் இருந்தது, காலடி கலந்த ஒரே தடம் அவர்களிடம் இருந்தது. காலடி எந்த நொடியில் வருகிறது, க்ளிக் எந்த நொடியில் வருகிறது என்று ஆட்சேபத்தில் எழுதினோம். எங்கள் வீடியோ அவர்கள் 'பாட்டு' வெளிவந்த தேதிக்கு முன்பே பொதுவில் இருந்ததையும் சுட்டினோம். ஆகவே வட்டில் இடம் போதவில்லை என்று செஷன் கோப்புகளை அழிக்காதீர்கள். வேறு எதை வேண்டுமானாலும் அழியுங்கள். படத்தை யாருக்காவது காட்ட வேண்டும் என்றால் இணைப்பு மட்டும் கொடுங்கள். கோப்பே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், 480பி-யில், படத்தின் குறுக்கே பெயர் எழுதி, இசையைக் குறைத்துக் கொடுங்கள். தரம் பார்க்க அது போதும். எங்கே வெளியிடுவதானாலும் முதலில் உங்கள் சேனலில் ஏற்றிவிட்டுப் பிறகு பேச்சைத் தொடங்குங்கள்.

எங்கள் மீதான கோரிக்கைக்கு அவர்கள் பதிலே சொல்லவில்லை, கெடு முடிந்ததும் விழுந்துவிட்டது. எங்கள் படத்தின் நகலை நீக்கச் சொல்லி நாங்கள் கொடுத்த நோட்டீஸும் பலித்தது, அது இப்போது அவர்கள் சேனலில் இல்லை. ஆனால் காலடி கலந்த அந்தப் 'பாட்டு' வேறு சில இசைத் தளங்களில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. விநியோக நிறுவனத்துக்குத் தனித் தடங்களோடு புகார் அனுப்பியிருக்கிறோம். அவர்கள் சேனலில் இருக்கும் மற்ற ரசிகர் வீடியோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, செய்தவர்களைக் கண்டுபிடித்து எழுதி வருகிறோம். சிலருக்குத் தங்கள் படம் அங்கே இருப்பதே தெரியவில்லை. உங்களுக்கும் இதே மாதிரி மின்னஞ்சல் வந்திருந்தால் அழித்துவிடாமல் அதன் முழு ஹெடர் விவரங்களோடு (அது எங்கிருந்து, எந்த வழியாக வந்தது என்ற குறிப்புகள்) சேமித்து வையுங்கள், புகார் கொடுக்கும்போது அது தேவைப்படலாம்.