வீட்டில் கூழ்ம வெள்ளி: டிடிஎஸ் மீட்டரை நம்பலாமா?

கொஞ்ச வருஷமாகவே வீட்டில் கூழ்ம வெள்ளி, அதாவது நுண்ணிய வெள்ளித் துகள்கள் மிதக்கும் தண்ணீர், தயாரித்துப் பார்க்கிறேன். வேதியியல் ஆர்வம்தான் காரணம், குடிப்பதற்காக இல்லை. இதை மருந்தாகப் புகழ்கிறவர்களில் பலர் கருவியையும் சேர்த்தே விற்கிறவர்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

கருவி எளியது. மூன்று 9 வோல்ட் பேட்டரிகளை வரிசையாக இணைத்தால் 27 வோல்ட். இரண்டு வெள்ளிக் கம்பிகள், ஒரு கண்ணாடி டம்ளர். கொலுசு, அரைஞாண் வெள்ளி ஆகாது, செம்பு கலந்திருக்கும். 999 சுத்தம் வேண்டும். தண்ணீருக்கு, இன்வெர்ட்டருக்கு ஊற்றும் பேட்டரி தண்ணீர் கேன் வாங்கி டிடிஎஸ் மீட்டரில் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் கருவி) பார்ப்பேன். 0 அல்லது 1 காட்டினால் சரி, கூடினால் அது இன்வெர்ட்டருக்கே போகும்.

சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. அதனால் முதலில் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். வெள்ளி கரையக் கரைய மின்னோட்டம் தாறுமாறாக ஏறி, கம்பியில் கருப்புக் கசடு படிந்து, தண்ணீரும் சாம்பல் பூக்கும். மின்னோட்டத்தை ஓர் அளவில் நிறுத்திவைக்கும் சுற்று உள்ள கருவிக்கு மாறிய பிறகு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. வேகம் போதவில்லை என்று உப்பு போடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்குக் கிடைப்பது வெள்ளிக் குளோரைடு.

தரம் பார்ப்பதில்தான் குழப்பமே. எல்லோரும் டிடிஎஸ் மீட்டரை முக்கிவிட்டு "10 பிபிஎம்" (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) என்கிறார்கள். அந்த மீட்டருக்கு வெள்ளி தெரியாது. அது அளப்பது மின்கடத்தும் திறனை. அதை உப்புக் கணக்கில் ஓர் எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. கரைந்த அயனி வெள்ளி (மின்னேற்றம் பெற்ற வெள்ளி அணுக்கள்) அதில் ஓரளவு தெரியும், துகள் வெள்ளி தெரியாது. தயாரித்த நீரைச் சூடாக்கித் துளி சலவை சோடாவும் குளுக்கோஸும் சேர்த்தால் அயனிகள் துகளாகி மஞ்சள் நிறம் வரும். உள்ளே இருக்கும் வெள்ளி அதேதான், ஆனால் மீட்டரின் எண்ணைக் கொண்டு அது எவ்வளவு என்று இப்போது சொல்லவே முடியாது, சோடாவே எண்ணை ஏற்றிவிட்டிருக்கும். இவ்வளவு பேர் நம்பும் ஒரு கருவி இப்படித் தவறான பொருளை அளப்பதை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

நான் நம்புவது, ஓடிய மின்சாரத்தை வைத்துக் கரைந்த உலோகத்தைக் கணக்கிடும் ஃபாரடே விதியை. 1 மில்லிஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 4 மில்லிகிராம் வெள்ளி கரையும். 1 லிட்டர் நீரென்றால் அதிகபட்சம் 4 பிபிஎம். கம்பியில் படிவது, கசடாவது எல்லாம் கழிவு என்பதால் உண்மை அதைவிடக் குறைவாகவே இருக்கும். உச்ச வரம்பாவது கையில் கிடைக்கிறது. மீட்டர் அதைக்கூடத் தராது.

இருட்டறையில் லேசர் பாய்ச்சினால் கூழ்மத்தில் ஒளிக்கற்றை தெளிவாகத் தெரியும். துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வரும் இதுதான் டிண்டால் விளைவு. தூசி இருந்தாலும் தெரியும் என்பதால் வெறும் தண்ணீரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். சாம்பிளில் ஒரு கல் உப்பு போட்டு வெண்மையாகக் கலங்கினால் அதில் அயனி வெள்ளி இருக்கிறது. அதை வெயிலில் வைத்தால் கருக்கும். நிறத்தை வைத்துச் சொல்வதானால், இளமஞ்சள் நுண்துகளின் அடையாளம்: அவை 400 நானோமீட்டர் அருகே ஊதா ஒளியை உறிஞ்சுகின்றன. நிறமே இல்லாவிட்டால் பெரும்பாலும் அயனிதான். "தெளிந்ததே சுத்தம்" என்று ஒருவரும் "பொன்னிறமே சிறந்தது" என்று இன்னொருவரும் விற்கிறார்கள், இரண்டும் வெவ்வேறு சரக்கு. துகள் அளவு துல்லியமாக வேண்டுமென்றால் ஆய்வகம்தான், வீட்டில் முடியாது.

எவ்வளவு வெள்ளி இருக்கிறது என்றே உறுதியாகத் தெரியாத ஒன்றை எப்படிக் குடிப்பது? 1999-இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, மருந்துச் சீட்டில்லாமல் விற்கும் கூழ்ம வெள்ளி மருந்துகள் பாதுகாப்பானவை, பயனுள்ளவை என ஏற்கப்படவில்லை என்று அறிவித்தது. மொன்டானா அரசியல்வாதி ஸ்டான் ஜோன்ஸ், ஒய்2கே (2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் குழம்பும் என்று அஞ்சப்பட்ட சிக்கல்) வந்தால் ஆன்டிபயாடிக் கிடைக்காது என்று பயந்து வீட்டில் தயாரித்துக் குடித்தார், தோல் நீலச்சாம்பலானது. ஆர்ஜிரியா எனும் இந்த நிறமாற்றம் பொதுவாக நிரந்தரமானது. சில ஆன்டிபயாடிக்குகளும் தைராய்டு மாத்திரையும் உடலில் சேர்வதையும் வெள்ளி கெடுக்கும். தீக்காயத்துக்கு டாக்டர் தரும் சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு வேறு கதை.

ஆர்வத்துக்காகச் செய்கிறவர் டிடிஎஸ் மீட்டரைத் தண்ணீர் சோதிக்க மட்டும் வைத்துக்கொண்டு, நல்ல மில்லிஅம்மீட்டரும் டைமரும் வாங்கலாம். தயாரித்ததைப் பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, குடிக்கக் கூடாது என்று எழுதி ஒட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள்.