ஸ்பிராலா, எஸ்டிஎஸ்எஸ்ஸா? 2009இல் பறந்த இரண்டு ஏவுகணை எச்சரிக்கைச் சோதனைகள்

எதிரி ஏவுகணையை விண்ணிலிருந்து கண்டுபிடிக்கும் தொழில்நுட்பத்தைச் சோதிக்க 2009இல் இரண்டு நாடுகள் ஆளுக்கு ஒரு ஜோடி செயற்கைக்கோள்களை அனுப்பின. பிரான்சின் ஸ்பிரால் பிப்ரவரி 12 அன்று தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரு ஏவுதளத்திலிருந்து ஏரியான் 5 ராக்கெட்டில் போனது. அமெரிக்காவின் எஸ்டிஎஸ்எஸ் செப்டம்பர் 25 அன்று கேப் கனாவரலிலிருந்து கிளம்பியது. இரண்டுமே நிரந்தரக் காவலுக்காக அனுப்பப்பட்டவை அல்ல. ஆனால் இரண்டும் விடை தேடிய கேள்விகள் வெவ்வேறு.

ஸ்பிரால் ஒவ்வொன்றும் சுமார் 120 கிலோதான். 600 கி.மீ.க்கும் 36,000 கி.மீ.க்கும் இடையே நீள்வட்டத்தில் சுற்றியபடி பூமியை அகச்சிவப்பில் படமெடுத்துக் குவித்தது. ஏவுகணையை விட்டுவிட்டு வெறும் பூமியை ஏன் படமெடுக்க வேண்டும்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஏவுகணைப் புகையில் இருக்கும் சூடான நீராவி 2.7 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டிப் பிரகாசமாக ஒளிரும். காற்றிலுள்ள நீராவி அதே ஒளியை விழுங்கிவிடுவதால் தரை பெரும்பாலும் இருட்டாகத் தெரியும். காற்றடுக்கைத் தாண்டி மேலே வரும் ஏவுகணை பளிச்சென்று தெரியும். சிக்கல் உயரமான மேகங்களால் வருகிறது. அவை நீராவிக்கு மேலே மிதப்பதால், அவற்றில் பட்டுத் திரும்பும் வெயில் அப்படியே செயற்கைக்கோளை எட்டிவிடும். 1983 செப்டம்பர் 26 அன்று சோவியத்தின் ஓகோ என்ற ஏவுகணை எச்சரிக்கைச் செயற்கைக்கோள் அமைப்பு ஏமாந்தது இதனால்தான். திரையில் ஐந்து அமெரிக்க ஏவுகணைகள் தெரிந்தும், பணியிலிருந்த ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ் அதை எந்திரப் பிழை என்று முடிவு செய்ததால் உலகம் தப்பியது. மேகம் வெயிலில் எப்போது எப்படி மின்னும் என்று முன்கூட்டியே அளந்து வைப்பதை நான் மிகப் பெரிய பணியாகவே பார்க்கிறேன்.

எஸ்டிஎஸ்எஸ் அடுத்த கட்டத்தைக் கையில் எடுத்தது. எஞ்சின் அணைந்ததும் ஏவுகணை குளிர்ந்துவிடும். அதன் பிறகும் அதைத் தொடர முடியுமா? சுமார் 1,350 கி.மீ. உயரத்தில் பறந்த அந்த ஜோடியில், ஒரு கருவி அகலமாகப் பார்த்து இலக்கைப் பிடித்து, குறுகிய பார்வை கொண்ட இன்னொன்றிடம் ஒப்படைக்கும். இரு கோணங்களிலிருந்து பார்ப்பதால் பாதை முப்பரிமாணத்தில் கிடைக்கும். 2013 பிப்ரவரியில் ஹவாய் அருகே நடந்த சோதனையில் அமெரிக்காவின் லேக் எரி போர்க்கப்பல், தன் ரேடாரில் இலக்கு சிக்கும்வரை காத்திராமல், இந்தத் தரவை நம்பியே எஸ்எம்-3 இடைமறிப்பு ஏவுகணையை விட்டு இலக்கை வீழ்த்தியது. அசாத்தியமான சாதனை.

குறையும் உண்டு. தாழ்வான பாதை என்பதால் எந்த இடத்தின் மீதும் அதிக நேரம் நிற்க முடியாது. இடைவிடாமல் கண்காணிக்க ஒரு கூட்டமே வேண்டும்; அதற்கான செலவும் வேண்டும்.

ஆயுள் கணக்கில் ஒப்பீடே இல்லை. ஸ்பிரால் 2011இல் முடிந்தது. எஸ்டிஎஸ்எஸ் 2022 வரை உழைத்தது.

அடுத்து என்ன ஆனது என்பதுதான் எனக்கு ஆதங்கம். எஸ்டிஎஸ்எஸ்ஸின் வாரிசாகத் திட்டமிட்ட பிடிஎஸ்எஸ் 2013இல் கைவிடப்பட்டாலும், 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் எச்பிடிஎஸ்எஸ் என்ற புதிய ஏவுகணைத் தொடர் செயற்கைக்கோள் ஜோடி மேலே போனது. பிரான்ஸ் சொந்த எச்சரிக்கைச் செயற்கைக்கோளை ஏவவே இல்லை.

இருந்தும் புதிதாகத் தொடங்கும் நாட்டுக்கு நான் சொல்வது ஸ்பிரால் வழிதான். மேகத்தையும் ஏவுகணையையும் பிரித்தறியத் தெரியாத அமைப்பின் கையில் இடைமறிப்பு ஏவுகணையைக் கொடுக்கக் கூடாது.