நிமிஷத்துக்கு ஆயிரம் சொல் என்று நம்பி அரை மாதச் சம்பளத்தை விட்டேன்

"பணத்தைத் திருப்பித் தர வாய்ப்பில்லை" என்று நேற்று ராத்திரி பதினோரு மணிக்குக் கடைசி பதில் வந்தது. விடிந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வேலைக்கும் போய்க்கொண்டு தேர்வுக்கும் படிப்பவர்கள் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். உண்மையிலேயே எப்படிப் படிக்கலாம் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

பெயர் போடவில்லை. ஆன்லைனில் வேக வாசிப்பு சொல்லித் தருகிற ஒரு வகுப்பு. 21 நாள், நிமிஷத்துக்கு ஆயிரம் சொல், படித்தது மறக்கவே மறக்காதாம். கட்டணம் என் சம்பளத்தில் சரிபாதி.

விழுந்தது இலவச வகுப்பில். திரையில் ஒரு பத்தியைப் போட்டார்கள். பொடி எழுத்து, சட்டமோ வரியோ ஏதோ வறண்ட விஷயம். எனக்கு 170 சொல் வந்தது. பயிற்சியாளர் முகம் சுளிக்கவில்லை. "மேடம், இது உங்க தப்பே இல்ல. ஸ்கூல்ல உங்களுக்கு உச்சரிக்கத்தான் சொல்லிக் கொடுத்தாங்க, படிக்கச் சொல்லிக் கொடுக்கல" என்றார். ஒரே பக்கத்தை மூன்று தடவை படித்துவிட்டு, "மக்கு, மக்கு" என்று வருஷக்கணக்காகத் தன்னையே திட்டிக்கொண்டவளுக்கு அது எப்படி இருந்திருக்கும்? பேனா நுனியை வரிக்கு அடியில் ஓட்டுங்கள், வாய்க்குள் முணுமுணுக்காதீர்கள், வந்த வரிக்குத் திரும்பாதீர்கள் என்றார். இருபது நிமிஷத்தில் 410. கண் கலங்கிவிட்டது. அப்போதே கட்டிவிட்டேன்.

இரண்டாவதாகக் கொடுத்தது ஒரு குட்டிக் கதை, அதுவும் பெரிய எழுத்தில். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவே இல்லை.

பதினான்காம் நாள் செயலி 920 என்று காட்டியது. மறுநாள் அலுவலகத்தில் நாலு பக்கச் சுற்றறிக்கையை இரண்டே நிமிஷத்தில் முடித்துவிட்டுக் கூட்டத்துக்குப் போனேன். "கடைசித் தேதி என்னன்னு போட்டிருக்கு?" என்று மேலாளர் கேட்டார். தேதி என்று ஒன்று அதில் இருந்ததே எனக்கு ஞாபகமில்லை.

வகுப்பை முடித்து அவர்களுடைய இறுதித் தேர்வில் பத்துக்கு எட்டு வாங்கி ஸ்டேட்டஸ் வேறு வைத்தேன். இருந்தும் மனசு அரித்தது. பத்தியைக் காட்டாமல், கேள்விகளை மட்டும் தம்பியிடம் நீட்டினேன். பத்தில் ஏழு சரி. "காடு அழிஞ்சா விலங்குக்கு நல்லதா கெட்டதான்னு கேட்டிருக்கான். இதுக்கு எதுக்குக்கா படிக்கணும்?" என்கிறான். அந்த ஒரு மதிப்பெண் வித்தியாசத்துக்குத்தான் அரை மாதச் சம்பளம்.

பிறகுதான் தேடிப் படித்தேன், மெதுவாக. இந்த வியாபாரம் புதுசே இல்லை. ஈவ்லின் வுட் என்ற அமெரிக்க ஆசிரியை 1959இலேயே இதை வகுப்பாக நடத்தியிருக்கிறார். கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் எவ்வளவு அகலம் தெரியுமோ, ஏறக்குறைய அவ்வளவுதான் கண்ணுக்குத் துல்லியமாகப் பிடிபடும். அப்புறம் எங்கே ஒரே பார்வையில் பக்கத்தை விழுங்குவது? கண் ஒவ்வொரு இடத்திலும் கால் விநாடி போல நின்றுதான் நகர்கிறது. வேகம் கூடினால் புரிதல் குறையும் என்று, வாசிப்பை ஆராய்ந்த உளவியலாளர் கீத் ரேனர் குழுவினரின் 2016ஆம் வருஷ ஆய்வுக் கட்டுரை சொல்கிறது. வாய்க்குள் சொல்லிப் பார்ப்பதும், புரியாத இடத்துக்குத் திரும்பிப் போவதும் கெட்ட பழக்கமில்லை, புரிந்துகொள்ள உதவுபவை. என்னிடம் காசு வாங்கிக்கொண்டு பிடுங்கியது அந்த இரண்டையும்தான்.

இன்னொரு கூத்து. "போகவேண்டியிருந்ததால்" என்பது தமிழில் ஒரே சொல். ஆங்கிலத்தில் அதற்கே நாலைந்து சொல் வேண்டும். இவர்கள் ஆங்கிலக் கணக்கை அப்படியே தூக்கித் தமிழுக்கும் வைத்திருந்தார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "உங்கள் கவளை எங்களுக்குப் புரிகிறது." மூன்று தடவை கேட்டதற்கும் இதே பதில், எழுத்துப்பிழை உட்பட. அப்புறம் ஒருவர் போனில் வந்தார்: "நீங்க நெகட்டிவா நினைக்கிறதாலதான் மேடம் மூளை பிளாக் ஆகுது." முப்பது நாள் உத்தரவாதம் இருக்கிறதே என்றேன். நிபந்தனையை வாசித்தார். 21 நாளும் தவறாமல் 45 நிமிஷம் செய்திருக்க வேண்டுமாம். எனக்கு ஒன்பதாம் நாள் காய்ச்சல், 31 நிமிஷத்தில் மூடிவிட்டேன். அவ்வளவுதான், கதை முடிந்தது. கட்டுவதற்கு முன் தினம் இரண்டு தடவை கூப்பிட்டு "சாப்பிட்டீங்களா மேடம்" என்று கேட்டவர் என்னை பிளாக் செய்துவிட்டார். அரை மாதச் சம்பளம்!

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்கு நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை. இலவச வகுப்பு நடக்கிற அன்றைக்கே பணம் கட்டாதீர்கள். முதல் பத்தியும் கடைசிப் பத்தியும் ஒரே கடினமா என்று பாருங்கள். பத்தியைப் படிக்காத ஒருவரிடம் கேள்வித்தாளைக் கொடுத்துப் பாருங்கள். பணம் திரும்பக் கிடைக்கும் என்றால் நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள். படிப்புக்கு? போனை வேறு அறையில் போடுங்கள். ஒரு பகுதி முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு நினைவில் இருப்பதை எழுதிப் பாருங்கள். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட அதுதான் நாள்பட நிற்கிறது.

வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன், ஏதாவது நடந்தால் வந்து சொல்கிறேன். தேர்வுக்கு இன்னும் 19 நாள், மூன்றாம் பாடம் பாதியில் கிடக்கிறது.